மருமகனுக்குக் கொடுத்த மருந்து

கோப்ரல் இப்ஹாம் பதினொரு வருடம் இராணுவ லொறி ஓட்டினான். வெள்ளத்துக்குள் ஓட்டினான், மண் சரிந்த பாதையில் ஓட்டினான், பெரிய இடத்துப் பெண் ஒருத்தியின் கல்யாணத்துக்கு நாற்காலி ஏற்றிக்கொண்டும் ஓட்டினான். நாட்டுக்காக எதையும் தாங்கிய அவனுடைய சேவை, கடைசியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் போத்தலில் பிடித்துக் கொடுத்த சிறுநீரில் வழுக்கி விழுந்தது.

அந்த வருடம் நாடெங்கும் போதைக்கு எதிராகப் போர் நடந்துகொண்டிருந்தது. போர் என்றால் எண்ணிக்கை வேண்டும். வன்னிப் பக்கம் இருந்த அவர்களுடைய முகாமும் தன் பங்குக்கு ஏதாவது காட்டியாக வேண்டியிருந்தது. ஒரு காலை எல்லோரையும் வரிசையில் நிறுத்திச் சிறுநீர் எடுத்தார்கள். மூன்று பேருடையதில் கஞ்சா இருந்தது. ஒருவன் சமையற்கட்டில் வேலை செய்பவன். இன்னொருவன் கட்டளை அதிகாரியின் சொந்தச் சாரதி. மூன்றாவது ஆள் இப்ஹாம். அதிகாரியின் சாரதி கொடுத்த போத்தல் வெயிலில் கெட்டுப்போயிருந்ததாகப் பிறகு தெரியவந்தது. அதே பெட்டியில் அதே வெயிலைக் குடித்த மற்ற இரண்டு போத்தல்களும், இறைவன் அருளால், கெடாமல் இருந்தன.

விசாரணையில் கஞ்சா புகைத்தாயா என்று கேட்டார்கள். இல்லை என்றான். அது உண்மை. அப்படியானால் உடம்புக்குள் எப்படி வந்தது என்று கேட்டார்கள். தெரியாது என்றான். அது பொய். அந்தப் பொய்யை அவன் தனக்காகச் சொல்லவில்லை, மாமனாருக்காகச் சொன்னான்.

மாமனார் மக்கீன் ஹாஜியாருக்கு வீடு உக்குவளையில், கடை மாத்தளை டவுனில். நாட்டு மருந்துக் கடை. பள்ளிவாசல் நிர்வாக சபையில் ஒரு நாற்காலி, அந்தச் சபையின் போதை ஒழிப்புக் குழுவில் தலைவர் நாற்காலி. மகள் ஜெஸ்லாவை இப்ஹாமுக்குக் கேட்டு வந்தபோது, கடைசியில் ராணுவக்காரனுக்கா என்று முகம் சுளித்தவர்தான் அவர். கல்யாணம் முடிந்து ஒரு வருடத்துக்குள் ஈஸ்டர் குண்டுகள் வெடித்தன. முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் பொலிசும் படையினரும் புரட்டிப்போட்டுத் தேடத் தொடங்கினார்கள். ஹாஜியார் உடனே மருமகனின் சீருடைப் படத்தைப் பெரிதாக்கிக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். சோதனைக்கு வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள். சல்யூட் அடிக்காத குறையாக நின்று, பிளேன்டி குடித்துவிட்டுப் போனார்கள். அன்றுதான் அவருக்கு மருமகன் மேல் உண்மையான பாசம் பிறந்தது.

அந்தப் பாசத்துக்கு ஒரே ஒரு குறை. கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. இப்ஹாம் மாதத்துக்கு நாலு நாள் வீட்டுக்கு வருவான். அதில் ஒரு நாள் பஸ்ஸில் போகும், ஒரு நாள் தூக்கத்தில் போகும். மனுசன் வீட்டில் இருந்தால்தானே என்று ஹாஜியாரின் மனைவி ஸுபைதா ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். ஹாஜியார் காதில் வாங்கவில்லை. மருந்து வியாபாரிக்கு எல்லாக் குறையும் மருந்துக் குறைதான்.

கடையில் மதன மோதகம் என்று ஒரு கறுப்பு லேகிய உருண்டை விற்பார்கள். ஆண்களுக்கு வீரியம் தருவதாகப் பேர். தேன், நெய், பல சரக்குகளோடு கஞ்சா இலையும் அதில் சேரும். ஒவ்வொரு விடுமுறை முடியும்போதும் ஹாஜியார் அதில் ஒரு பொட்டலம் கட்டி, சுவரைப் பார்த்துக்கொண்டே மருமகனின் கையில் வைப்பார்.

"மகன், இது ஒடம்புக்குப் பலம். படுக்கப் போறப்ப ஒன்னு."

எந்தப் பலம் என்று மாமனாரிடம் கேட்க முடியுமா? இப்ஹாம் தலையாட்டி வாங்கிக்கொண்டான். முதல் மாதம் மரியாதைக்குத் தின்றான். இரண்டாவது மாதம், அது என்ன என்று அவனுக்கு விளங்கிவிட்டது. அவன் குழந்தையல்ல, கூட இருந்தவர்களில் நாலு பேர் அதே உருண்டையைப் பற்றிச் சிரித்துப் பேசக் கேட்டிருக்கிறான். ஆனால் அதைத் தின்றால் தூக்கம் வந்தது. தகரக் கூரைக்குக் கீழே, நுளம்புக் கடிக்கும் அடுத்த கட்டில்காரனின் குறட்டைக்கும் நடுவில், கல்லைப் போட்டதுபோலத் தூக்கம் வந்தது. எந்தக் காரியத்துக்காகக் கொடுக்கப்பட்டதோ அந்தக் காரியத்துக்கு முகாமில் வழியில்லை என்பது வேறு விசயம்.

இப்படியாகத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை, துணிப்பையும் ஒரு சான்றிதழுமாக அவன் உக்குவளை சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினான். ஒழுக்கக்கேடு காரணமாக விலக்கப்பட்டார் என்று சான்றிதழ் சொன்னது. நடத்தை, திருப்தியற்றது.

ஹாஜியார் பதறிவிட்டார். மருமகனின் முகத்தைப் பார்த்தார், மகளின் முகத்தைப் பார்த்தார், பிறகு நேரே கடைக்குப் போய்க் கல்லாவுக்கு மேலிருந்த படத்தைக் கழற்றினார். அந்த ஆணியில் போதை ஒழிப்புக் குழுவின் சுவரொட்டியைத் தொங்கவிட்டார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் குத்பா உரை போதைப் பொருளின் கேடுகள் பற்றியது. அது முன்பே தீர்மானித்த தலைப்பாம். இப்ஹாம் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டான். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஹாஜியார், உருக்கமான இடங்களிலெல்லாம் தலையை ஆட்டினார்.

ஜெஸ்லா அவனிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள், புகைத்தீர்களா என்று. இல்லை என்றான். அதற்கு மேல் அவன் பேசவில்லை, அவளும் தோண்டவில்லை. ஆனால் ஊர் தோண்டியது. கண்டி வீதியில் ஒரு களஞ்சியசாலைக்குக் காவல் வேலை கேட்டுப் போனான்; சான்றிதழைப் பார்த்தவர் அவனையே காவல் காக்க வேண்டிய பொருளைப்போலப் பார்த்தார். கட்டாருக்கு ஆள் அனுப்புகிறவன் காகிதத்தை இரண்டு விரலால் திருப்பிக் கொடுத்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டலாம் என்று போனால், தாய்மார்கள் கூடி நின்று வேண்டாம் என்றார்கள். அந்தத் தாய்மார்களில் இரண்டு பேரின் கணவன்மார் ஹாஜியாரின் வாடிக்கையாளர்கள்.

இராணுவத்தில் மீளாய்வுச் சபை என்று ஒன்று இருக்கிறது, அங்கே முறையிடலாம் என்று கண்டுபிடித்தவள் ஜெஸ்லாதான். மாத்தளை டவுனில் துஷ்யந்தன் என்ற சட்டத்தரணியிடம் போனார்கள். செலவையெல்லாம் நான் பார்க்கிறேன் என்று ஹாஜியாரும் கூட வந்தார். அவருடைய தாராள குணத்தை அன்று எல்லோரும் மெச்சினார்கள்.

துஷ்யந்தன் நிதானமான ஆள். அறிக்கைகளை வாசித்துவிட்டு, சிறுநீரில் கஞ்சா இருந்தது உண்மை, அதை மறுத்துப் பயனில்லை என்றார். அது எப்படி உள்ளே போனது என்பதற்கு நம்பக்கூடிய ஒரு விளக்கம் வேண்டும். புகைக்கவில்லை என்றால் வேறு ஏதாவது சாப்பிட்டிருக்க வேண்டும்.

இப்ஹாம் மேசையைப் பார்த்தான். ஹாஜியார் மின்விசிறியைப் பார்த்தார்.

பொறாமை பிடித்தவர்கள் சோற்றில் கலந்திருக்கலாம் என்றார் ஹாஜியார். பக்கத்துக் கட்டில்காரன் விட்ட புகை மூக்கு வழியாக ஏறியிருக்கலாம் என்றார். முகாமில் கொடுக்கும் தயிர் சிலவேளை புளித்துப்போயிருக்கும், அதுவும் ஒரு வகை லாகிரிதான் என்றார். துஷ்யந்தன் எதையும் எழுதவில்லை. பேனையை மூடி வைத்தார்.

"ஹாஜியார், நீங்க நாட்டு மருந்து யாவாரம் செய்றவங்க. ஒங்களுக்கே தெரியும். லேகியம், மோதகம், அந்த மாதிரி ஏதாச்சும் இவர் சாப்பிட்டிருக்காரா?"

ஜெஸ்லா தகப்பனின் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். அவன் இன்னும் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். யோசித்துவிட்டு வருகிறோம் என்று எழுந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே குசினிக்குப் போய் உம்மாவிடம் கேட்டாள். ஸுபைதா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவலை நிறுத்தவில்லை.

"எனக்கு என்னத்துக்குத் தெரியாம? ஒங்கட வாப்பா முப்பது வருசமாத் திங்கிறார். அவருக்குப் பதவி ரெண்டு கெடச்சிச்சு. அந்தப் புள்ளைக்கு இருந்த உத்தியோகமும் போச்சு."

ஜெஸ்லாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அது நின்று, இத்தனை மாதமும் தன் புருஷனை ஊர் பார்த்த பார்வைகளெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து, கோபம் வந்தது. இப்ஹாமிடம் போய், ஏன் என்னிடமாவது சொல்லவில்லை என்று கேட்டாள். எப்படிச் சொல்வது என்றான் அவன். உங்கள் வாப்பா எனக்கு இதற்காக இதைத் தந்தார் என்று எந்த வாயால் சொல்வது? அதோடு அவர் தந்ததை மட்டும் சொன்னால் அது பாதிக் கதை. தெரிந்த பிறகும் தின்றது நான்தானே.

அன்று மாலை அவள் வாப்பாவின் முன்னால் போய் நின்றாள். சபைக்கு வந்து உண்மையைச் சொல்லுங்கள் என்றாள். ஹாஜியார் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. தான் ஒரு குழுவின் தலைவர் என்று நினைவூட்டினார். கஞ்சாவை ஒழிக்கிற தலைவர் மருமகனுக்குக் கஞ்சா உருண்டை கொடுத்தார் என்றால் ஊர் சிரிக்கும். ஊர் சிரித்தால் பள்ளிவாசலுக்கு இழுக்கு. பள்ளிவாசலுக்கு இழுக்கு என்றால் மார்க்கத்துக்கே இழுக்கு. ஆகவே மார்க்கத்தின் நன்மைக்காக மருமகன் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வில்கமுவப் பக்கம் ஒரு கடை போட்டுத் தருகிறேன், அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது என்றார். அங்கே பஸ்ஸே எப்போதாவதுதான் போகிறது, செய்தி எப்படிப் போகும்.

"அப்ப ஒங்கட மரியாதைக்காக அவர் காலம் பூரா கஞ்சாக்காரனா இரிக்கணுமா, வாப்பா?"

ஹாஜியார் மக்ரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். நேரமாகியிருக்கவில்லை.

மீளாய்வு நாள் வந்தது. கொழும்புக்கு வாடகை வேனில் போனார்கள். ஓட்டியவன் பக்கத்து வீட்டு றம்ஸி. ஹாஜியாரும் ஏறிக்கொண்டார். சாட்சி சொல்ல அல்ல, குடும்பத் தலைவர் என்ற முறையில் கூட இருக்க. கடுகண்ணாவைக் கணவாய் இறங்கும்வரை தஸ்பீஹ் மணியை உருட்டினார். இப்ஹாம் பின் ஆசனத்தில் இருந்து றம்ஸியின் கியர் மாற்றத்தைக் கவனித்துக்கொண்டு வந்தான். வேறு எதையும் யோசிக்காமலிருக்க அது உதவியது.

சபையில் மூன்று பேர். நடுவில் ஒரு பிரிகேடியர், வலது பக்கம் ஒரு கேணல், இடது பக்கம் மருத்துவப் பிரிவு மேஜர். எல்லாம் சிங்களத்தில் நடந்தது. மாத்தளைக்காரர்களுக்கு அது ஒரு சிரமமில்லை. துஷ்யந்தன், தன் கட்சிக்காரர் மருந்து என்று நம்பி ஒன்றைச் சாப்பிட்டார் என்று அழகாகத் தொடங்கினார். பிரிகேடியர் கையை உயர்த்தி, அவரே சொல்லட்டும் என்றார்.

இப்ஹாம் எழுந்து நின்றான். உறவினர் ஒருவர் பலத்துக்கு என்று தந்தார், முதலில் தெரியாமல் தின்றேன், பிறகு தெரிந்தும் தின்றேன் என்றான். துஷ்யந்தன் கண்ணை மூடிக்கொண்டார். கேணல் முன்னால் சாய்ந்து, அதைத் தின்றுவிட்டு ஆட்களை ஏற்றிய வண்டி ஓட்டினாயா என்று கேட்டார். இரவில் தின்பேன், காலையில் ஓட்டுவேன் என்றான். அது சரியா என்று கேட்டார் கேணல்.

"தப்புத்தான், சேர். ஒன்றும் நடக்கவில்லை என்பது என் கெட்டித்தனம் இல்லை."

முதல் விசாரணையில் ஏன் தெரியாது என்றாய் என்று பிரிகேடியர் கேட்டார். தந்தவரின் மானத்துக்காக என்றான். யார் தந்தவர்? இப்ஹாம் பதில் சொல்லவில்லை. பெயர் இல்லாமல் இந்தக் கதையை யார் நம்புவது என்றார் பிரிகேடியர். அப்போது சாட்சியாக உட்கார்ந்திருந்த ஜெஸ்லா எழுந்தாள். தந்தது என் வாப்பா, வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருக்கிறார் என்றாள்.

ஹாஜியாரைக் கூப்பிட்டார்கள். வெள்ளை ஜுப்பாவும் தொப்பியுமாக, இது ஏதோ மரியாதைக்கான அழைப்பு என்ற பாவனையில் உள்ளே வந்தார். மோதகத்தைப் பற்றிக் கேட்டபோது, மருமகனின் உணவுப் பழக்கங்கள் தனக்குத் தெரியாது என்றார். தான் போதை ஒழிப்பில் ஆற்றும் பணிகளைப் பற்றி விளக்கப் போனார். பிரிகேடியர் கடிகாரத்தைப் பார்த்தார். இப்ஹாமின் கதை அத்தோடு முடிந்துவிட்டது என்றுதான் எல்லோருக்கும் பட்டது.

காப்பாற்றியவர் மருத்துவ மேஜர். அவருக்குக் காப்பாற்றும் எண்ணம் எதுவும் இல்லை. சலிப்போடு விசாரணைக் கோப்பை மூடிக்கொண்டே சொன்னார், இந்த மோதகம் என்பதெல்லாம் வெறும் குப்பை, கஞ்சாத் தூளையும் சீனிப் பாகையும் பிசைந்து தெருவோரக் கடைகளில் ஏமாளிகளுக்கு விற்கிறார்கள் என்று.

ஹாஜியாரின் முகம் சிவந்தது. குழுத் தலைவரைப் பற்றி எது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், அவர் பொறுத்திருப்பார். சரக்கைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள்.

"டொக்டர் மாத்தயா, தெருவோரச் சாமான் வேற, என்ட சாமான் வேற," என்று சிங்களத்தில் தொடங்கினார். தன் கடைக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறது என்றார். சீனிப் பாகு ஒரு துளி கிடையாது, தும்பர மலைத் தேன் என்றார். நெய் பசு நெய். எத்தனையோ வருடமாக நானே தின்கிறேன், என்னைப் பார்த்தால் நோயாளி மாதிரியா இருக்கிறது என்று கேட்டார். கடைசியாக நெஞ்சில் கை வைத்து, சொந்த மருமகனுக்கு யாராவது கூடாத சாமான் கொடுப்பார்களா, இதோ இந்தக் கையால்தான் மாதா மாதம் கட்டிக் கொடுத்தேன் என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குக் கேட்டது. ஜுப்பாவின் கைநுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இப்ஹாம் அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். அந்த நேரத்தில் அவருக்காக வெட்கப்பட அந்த அறையில் அவன் ஒருவன்தான் இருந்தான். கேணல் இருமுவதுபோல வாயை மூடிக்கொண்டார். பிரிகேடியர் மட்டும் சிரிக்காமல், கடை மாத்தளையில் எந்தப் பக்கம் என்று கேட்டார். விசாரணைக்குத் தேவையான விபரம்தான் அது.

முடிவு ஒரு மாதம் கழித்து வந்தது. விலக்கியது விலக்கியதுதான், திரும்ப எடுக்க முடியாது. தெரிந்தே தின்றதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் ஒழுக்கக்கேடு என்பது நீக்கப்பட்டு, சேவை இனித் தேவையில்லை என்று மாற்றப்படுகிறது. நடத்தை, நல்லது. அதாவது, பொய் சொன்னபோது கெட்டவனாக இருந்தவன், தப்பை ஒப்புக்கொண்டதும் நல்லவனாகி, தேவையில்லாதவனும் ஆனான். அதிகாரியின் சாரதி அதற்குள் சார்ஜன்ட் ஆகியிருந்தான்.

துஷ்யந்தன் இதை வெற்றி என்றார். இப்ஹாம் புதிய சான்றிதழை இரண்டு முறை வாசித்துவிட்டு, ஜெஸ்லாவிடம் கொடுத்தான். அவள் அழுதாள். அவன் அழவில்லை, வெளியே போய்ப் பைப்பைத் திறந்து வெகுநேரம் முகம் கழுவினான்.

ஹாஜியார் ஊர் தனக்குச் சொல்லப்போகும் முடிவுக்காகக் காத்திருந்தார். மீளாய்வு நாளன்று சபை நடந்த அறையின் ஜன்னலோரம் றம்ஸி நிழலுக்காக நின்றிருந்தபடியால், வேன் உக்குவளை வந்து சேரும் முன்பே செய்தி போனில் வந்து சேர்ந்திருந்தது. பதவியை ராஜினாமா செய்ய அவர் ஆயத்தமாக இருந்தார் என்று சொல்கிறார்கள். யாரும் கேட்கவில்லை. நிர்வாக சபையில் இருந்த பெரியவர்கள், மருந்துக்கும் போதைக்கும் உள்ள வேறுபாடு பற்றி ஹாஜியார் ஒரு நாள் உரையாற்றினால் நல்லது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். கடையில் மோதகம் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் போனது. மருமகனின் வேலையையே தூக்கிய சாமான் என்றால் வேகம் இருக்கத்தானே வேண்டும். கடைசியில் ஸுபைதாதான், அதை இனியும் விற்றால் குசினிக்குப் பூட்டு என்று சொல்லி நிறுத்தினாள். சோற்றுக்கு முன்னால் குழுத் தலைவரும் சாதாரண மனிதர்தான்.

புதிய சான்றிதழோடு இப்ஹாமுக்குக் கலேவெலவில் ஒரு வெங்காய வியாபாரியிடம் லொறி ஓட்டும் வேலை கிடைத்தது. கடை வீதிக்குப் பின்னால் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து, ஜெஸ்லாவும் அவனும் அங்கே போனார்கள். தொடக்கத்தில் அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. உருண்டை இல்லாமல் உடம்பு தூங்க மறந்திருந்தது. காரணமில்லாமல் சள்ளென்று விழுவான். ஒரு நாள் அரச வைத்தியசாலைக்குப் போய் டொக்டரிடம் எல்லாவற்றையும் தானே சொன்னான். தம்புள்ளைக்கு மூட்டை ஏற்றி இறக்கி வரும் அலுப்பில் மெல்ல மெல்லச் சரியானது. ஜெஸ்லா அவன் சள்ளென்று விழுந்ததையெல்லாம் பொறுத்துக்கொள்ளவில்லை, திரும்ப விழுந்தாள். அது இருவருக்கும் நல்லதாகவே முடிந்தது.

சில மாதம் போனதும் ஹாஜியார் தொலைபேசியில் அழைத்தார். குழு ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் வைக்கிறது, மாவட்டச் செயலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், போதையிலிருந்து மீண்டவர் ஒருவர் மேடையில் பேசினால் உருக்கமாக இருக்கும் என்றார். மருமகனை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள். சீருடையில் வந்தால் இன்னும் நல்லது என்றார்.

வெங்காயம் ஏற்ற வேண்டும் மாமா என்று சொல்லி, இப்ஹாம் போனை ஜெஸ்லாவிடம் கொடுத்தான்.

"வாப்பா, நீங்களே பேசுங்க," என்றாள் அவள். "ஒங்களுக்குத்தான் அனுபவம் கூட."

அதன் பிறகு கொஞ்ச நாள் அழைப்பு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே ஸுபைதாவோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு அன்னாசிப்பழம். உள்ளே நாற்காலி இருந்தும், முற்றத்தில் லொறியின் பக்கத்தில் அடுக்கியிருந்த வெங்காய மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தார். அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, இப்ஹாமும் எதிர்பார்க்கவில்லை. ஜெஸ்லா தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். ஹாஜியார் குடித்துவிட்டு, லொறியைச் சுற்றி வந்து டயரைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"இதுல மாத்தளைக்கு வாறெண்டா எவ்வளவு நேரம் போகும், மகன்?"

"பாரத்தப் பொறுத்து, மாமா," என்றான் இப்ஹாம்.